வழிகாட்டித் திட்டத்தை நிறுத்தாதீர்கள்: எங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் திட்டப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து உங்களிடம் நிதி பெறும் எல்லா அமைப்புகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறிய அமைப்புகளுக்கு வழிகாட்டி ஒருவரை அனுப்பி, ஒன்றரை ஆண்டு கூடவே இருந்து கைதூக்கிவிடும் திட்டத்தை இந்த நிதியாண்டோடு முடித்துக்கொள்வதாக அதில் எழுதியிருந்தீர்கள். இனி அதற்குப் பதிலாக மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாம். அமைப்புக்கு ஒருவர்தான் வரலாம், அவரும் தலைமைப் பொறுப்பில் இருப்பவராக இருக்க வேண்டும். முகாமில் சான்றிதழ் வாங்கிய அமைப்புகள் மட்டுமே அடுத்த சுற்று நிதிக்கு விண்ணப்பிக்கலாம். காரணம் என்று ஒரே ஒரு வரி: குறைந்த செலவில் அதிக அமைப்புகளைச் சென்றடைவது.

இந்த முடிவு தவறு என்று உங்களுக்குத் தனிக் கடிதம் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்களிடம் நிதி வாங்கும் ஒருவர் இப்படி வெளிப்படையாக எழுதுவது எளிதல்ல. எங்கள் நிர்வாகக் குழுவிலேயே இருவர் வேண்டாம் என்றார்கள். மற்ற ஐந்து பேர் எழுதத்தான் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தக் குழுவுக்கு எப்படி வந்தது என்பதையும் கீழே சொல்கிறேன். அது உங்கள் திட்டத்தால் வந்தது.

நான் ஒன்பது முழுநேரப் பணியாளர்கள் உள்ள ஒரு தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர். இந்தத் துறைக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் 14 பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று தாளில் நான்கு கட்டம் போட்டு எழுதும் பயிற்சியை மட்டும் ஐந்து முறை செய்திருக்கிறேன். ஐந்து முறையும் பலவீனம் என்ற கட்டத்தில் நான் எழுதியது ஒன்றுதான்: எல்லாம் ஒருவரை நம்பியே நடக்கிறது. பயிற்றுநர்கள் அதைப் படித்தார்கள், முக்கியமான விஷயம் என்றார்கள், அடுத்தவர் தாளுக்குப் போனார்கள். நான் திரும்பி வந்தேன். மேசையில் குவிந்திருந்த வேலை என்னை இழுத்துக்கொண்டது. அந்தத் தாள்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

அந்த வரி எவ்வளவு உண்மை என்பது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தெரிந்தது. எங்கள் நிறுவனர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம், ஒரு நாள் காலையில் அலுவலகத்திலேயே மயங்கி விழுந்தார். நான்கு மாதம் மருத்துவமனையும் வீடுமாக இருந்தார். முதல் வாரம் எங்களுக்கு அவரைப் பற்றிய கவலை மட்டும்தான். இரண்டாவது வாரம் மற்றதெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. காசோலையில் இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் அக்கா. இன்னொருவர் வெளிநாட்டில் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த ஓர் அறங்காவலர். யாரிடம் எந்தத் தவணை வர வேண்டும், எந்த அறிக்கை எப்போது போக வேண்டும், கடவுச்சொல் என்ன, எல்லாம் அக்காவின் நினைவிலும் கைப்பேசியிலும் இருந்தன. கணக்கில் பணம் இருந்தது, எடுக்க வழியில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தோம். பணியாளர்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் இல்லாமல் யாரால் எத்தனை நாள் ஓட்ட முடியும்? அந்த வகுப்புகளில் 60 பிள்ளைகள் இருந்தார்கள். மறுபடி வகுப்பைத் தொடங்கியபோது வந்தவர்கள் 37 பேர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவைவிட நல்ல தலைவரை நான் பார்த்ததில்லை. தலைமைப் பயிற்சிகளில் சொல்லித்தரும் அத்தனையும் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் ஒரு மாதம் விலகி நின்றால் தாங்கிப் பிடிக்க அவரைச் சுற்றி ஓர் அமைப்பு இல்லை.

அடுத்த ஆண்டு உங்கள் வழிகாட்டித் திட்டத்தில் எங்களைச் சேர்த்தீர்கள். மாதம் இரண்டு நாள், 18 மாதம். எங்களிடம் வந்தவர் எங்களுடையதைப் போன்ற ஓர் அமைப்பை 20 ஆண்டு நடத்தி, அதை இளையவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தவர். முதல் நாள் அவர் வவுச்சர் கோப்பைக் கேட்டார். ஒரு மணி நேரம் பொறுமையாகப் புரட்டினார். பிறகு ஒரு செலவுச் சீட்டைக் காட்டி, இதை அனுமதித்தது யார், பணம் கொடுத்தது யார், பதிவேட்டில் எழுதியது யார் என்று கேட்டார். மூன்றும் ஒரே ஆள். “அவர் நல்லவர்தான். ஆனால் நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால், தான் நல்லவர் என்று காட்ட அவர் கையில் ஒன்றுமே இல்லையே” என்றார். நிதிக் கட்டுப்பாடு என்றால் ஆட்களை நம்பாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலை செய்பவருக்கு அது ஒரு பாதுகாப்பு என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பயிற்சிகளில் இதைக் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கிறேன். எங்கள் வவுச்சரை வைத்துக்கொண்டு யாரும் சொன்னதில்லை.

அடுத்த முறை கூட்டக் குறிப்பேட்டை எடுத்தார். நிர்வாகக் குழுவில் ஏழு பேர், ஆண்டுக்கு ஒரு கூட்டம், தணிக்கை அறிக்கையில் கையெழுத்து, முடிந்தது. “இந்தக் குழு கடைசியாக எதற்காவது வேண்டாம் என்று சொன்னது எப்போது?” என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. ஓராண்டுக்குள் மூன்று பேர் தாங்களாகவே விலகி இடம் விட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் மாலை வகுப்பில் படித்த பிள்ளையின் தாய். முதல் கூட்டத்திலேயே அவர், “சேர்ந்த பிள்ளைகளின் கணக்கு இருக்கிறது, பாதியில் நின்ற பிள்ளைகளின் கணக்கு எங்கே?” என்று கேட்டார். அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை. பழைய வருகைப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து அதைத் தயாரிக்க ஒரு வாரம் ஆனது. இன்று எங்கள் திட்டத்தை நாங்கள் தீட்டுவதே அந்தக் கணக்கை வைத்துத்தான்.

அப்புறம், மாதாந்திரப் பணவரவுப் பட்டியல். அடுத்த ஆறு மாதத்தில் எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் சம்பளத்துக்கு இடிக்கும் என்று ஒரே பக்கத்தில் போடுவது. கேட்க எளிது. முதல் மாதம் தப்பாகப் போட்டோம். இரண்டாவது மாதம் அவர் வந்து திருத்தினார், மறுபடி வேறொரு இடத்தில் தப்பு. நான்காவது மாதம்தான் சரியாக வந்தது. அவர் மூன்று நாள் இருந்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பட்டியல் முதல் மாதத்தோடு செத்துப்போயிருக்கும். நாங்கள் தவறு செய்வதற்கும் அதை அவர் வந்து பார்ப்பதற்கும் அந்த 18 மாதத்தில் இடம் இருந்தது.

கையெழுத்து அதிகாரம் மூன்று பேருக்குப் போனது. பொறுப்புகளை எழுதிவைத்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அக்கா ஆலோசகராக ஒதுங்கி, ஒருங்கிணைப்பு என் கைக்கு வந்தபோது ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. இந்தத் திட்டத்தைத்தான் செலவு அதிகம் என்று மூடுகிறீர்கள்.

முகாமுக்கு ஆதரவாக, முன்பு கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் அதை மிகச் சிறப்பு என்று மதிப்பிட்டதாகச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் படிவத்தை நானும் நிரப்பியிருக்கிறேன். நானும் மிகச் சிறப்பு என்றே குறித்தேன், அது பொய்யில்லை. பயிற்றுநர் அருமையாகப் பேசினார், மூன்று நாள் மனம் லேசாக இருந்தது. ஆனால் பயிற்சியை எப்படி மதிப்பிட வேண்டும் என்று டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இலேயே நான்கு படிகளைச் சொல்லிவிட்டார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, எதையாவது கற்றார்களா, திரும்பிப் போய் வேலையில் அதைச் செய்தார்களா, அதனால் அவர்களுடைய நிறுவனத்தில் பலன் தெரிந்ததா. கடைசி நாள் மாலையில் நீங்கள் வாங்கும் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. நான் போன 14 பயிற்சிகளில் ஒன்றில்கூட, ஆறு மாதம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்து எது மாறியது என்று யாரும் கேட்டதில்லை. ஓர் அமைப்புக்கு ஆகும் செலவைப் பார்த்தால் முகாம் மலிவாகத்தான் தெரியும். நடந்த ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

அடுத்தது நிர்வாகச் செலவு. உங்கள் திட்ட நிதியில் இதற்கு 7 விழுக்காடு ஒதுக்குகிறீர்கள். அலுவலக வாடகை, மின்சாரம், இணையம், தணிக்கைக் கட்டணம் போக, கணக்காளருக்கு மிஞ்சுவது அரைச் சம்பளம். எங்கள் கணக்காளர் ஒவ்வொரு நிதியையும் தனித்தனியாகப் பிரித்து எழுதவும், செலவு பட்ஜெட்டைத் தாண்டும் முன்பே எச்சரிக்கவும் இரண்டு ஆண்டு உழைத்துக் கற்றுக்கொண்டார். வழிகாட்டி அவரோடு செலவழித்த நேரம் கொஞ்சமல்ல. பிறகு ஒரு பெரிய அமைப்பு இரட்டிப்புச் சம்பளம் தருவதாகச் சொல்லி அழைத்துக்கொண்டது. உங்களிடம் நிதி வாங்கி எங்களைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலை அமைப்பு அது. அவர்களுக்கு நீங்கள் அனுமதிக்கும் நிர்வாகச் செலவு எங்களுடையதைவிட அதிகம். அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை, அவருடைய உழைப்புக்கு அந்தச் சம்பளம் தகும். அதே சம்பளத்தை நாங்கள் கொடுக்க முடியாதபடி விதியை வகுத்தவர்கள் நீங்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இது எங்கள் ஓர் அமைப்பின் புலம்பல் அல்ல. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல அமைப்பு என்று நிதியாளர்கள் நினைக்கிறார்கள். அமைப்புகள் பயந்துபோய் அந்தச் செலவைக் குறைத்தே காட்டுகின்றன. அதைப் பார்த்து நிதியாளர்கள் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். கடைசியில் கணக்கு எழுத ஆளில்லை, பழுதான கணினியை மாற்றக் காசில்லை. இந்தச் சுழலைப் பட்டினியோடு ஒப்பிட்டு இத்துறையில் 2009 முதலே பேசி வருகிறார்கள். 2013இல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மூன்று அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு தொண்டு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. தொண்டு நிறுவனங்களின் விவரங்களையும் மதிப்பீடுகளையும் வெளியிடுவதே தொழிலாகக் கொண்டவர்கள் சொன்னது அது. அமெரிக்க அரசின் மானிய விதிகளில், அரசோடு தனியாகப் பேசி ஒரு விகிதம் பெற்றிராத அமைப்புகள் மறைமுகச் செலவுக்கு, அதாவது நிர்வாகச் செலவு போன்றவற்றுக்கு, எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு 10 விழுக்காடாக இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து அதை 15 ஆக உயர்த்தினார்கள். அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் ‘பில்ட்’ என்ற பெயரில் 100 கோடி டாலர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமைப்புகளுக்கு ஐந்து ஆண்டு தொடரும், எதற்குச் செலவிடுவது என்பதைப் பெரும்பாலும் அவர்களே முடிவுசெய்யும் நிதி. அதோடு அமைப்பைப் பலப்படுத்துவதற்கென்றே ஒரு பங்கும் உண்டு. அந்த அளவு பணம் உங்களிடம் இல்லை என்பது தெரியும். நான் அளவைக் கேட்கவில்லை, முறையைச் சொல்கிறேன்.

சான்றிதழ் நிபந்தனை என்னை மிகவும் காயப்படுத்தியது. 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில், பெரிய நிதியாளர்களும் பன்னாட்டு அமைப்புகளும் ‘கிராண்ட் பார்கன்’ என்ற உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2020க்குள், போர், பேரிடர் போன்ற நெருக்கடிகளில் கொடுக்கும் மனிதநேய உதவி நிதியில் குறைந்தது 25 விழுக்காட்டை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகக் கொடுப்பது என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அந்த ஆண்டு வந்தது, உலக அளவில் நேரடியாகப் போன பங்கு அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன் என்று கேட்டால், உள்ளூர் அமைப்புகளுக்குத் திறன் போதாது என்ற பதிலைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். திறனை வளர்க்கும் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள், திறனில்லை என்று நிதியையும் தர மாட்டார்கள் என்றால் நாங்கள் எங்கே போவது? உங்கள் சான்றிதழும் அதே கதவில் போடும் இன்னொரு பூட்டுதான். 2020இல் நோய்த்தொற்றால் உலகமே முடங்கியபோது, வெளியிலிருந்து யாரும் வர முடியாத தெருக்களில் வேலை செய்தவை உள்ளூர் அமைப்புகள். அப்போது யாரும் எங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

யார் வர வேண்டும் என்பதையும் நீங்களே முடிவுசெய்துவிட்டீர்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மட்டும் என்றால் மறுபடி நான்தான் வருவேன், என்னுடைய 15ஆவது பயிற்சியாக. வர வேண்டியவர்கள் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளரும் புதிய கணக்காளரும்தான். நாளைக்கு நான் விழுந்தால் அமைப்பைத் தாங்கப்போகிறவர்கள் அவர்கள். களப்பணி ஒருங்கிணைப்பாளருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, மூன்று இரவு வெளியே தங்க முடியாது. கணக்காளருக்கு ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாது, வேலை மட்டும் பிசகாமல் செய்வார். இவர்கள் இருவரையும் உங்கள் நிபந்தனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை ஆறு சிறிய அமைப்புகளை ஒன்றாக உட்காரவைத்தீர்கள். ஒவ்வொருவரும் தங்கள் தணிக்கை அறிக்கையைக் கொண்டுவந்து இன்னொருவரிடம் கொடுத்தோம். வெட்கமாக இருந்தது, ஆனால் அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த ஆறு பேரும் இன்றுவரை தொலைபேசியில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறோம். வழிகாட்டித் திட்டத்திலும் குறைகள் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அமைப்புக்கு வந்தவர் 18 மாதமும் படிவங்களை நிரப்பியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அவரை மாற்றச் சொல்லிக் கேட்க அந்த அமைப்புக்குப் பயம், நிதி நின்றுவிடுமோ என்று. அந்தக் குறைகளைச் சரிசெய்யலாம். அதற்காகத் திட்டத்தையே மூட வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. வழிகாட்டித் திட்டத்தை மூடும் முடிவை நிறுத்திவையுங்கள். இப்போது பாதியில் இருக்கும் அமைப்புகளுக்கு என்ன ஆனாலும் 18 மாதத்தையும் முழுமையாகக் கொடுங்கள். ஏழாவது மாதத்தில் விடப்படும் ஓர் அமைப்பு தொடங்காத அமைப்பைவிட மோசமான நிலையில் இருக்கும், பழைய முறையைக் கைவிட்டிருப்பார்கள், புதிய முறை கைவந்திருக்காது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கவும், பொருந்தவில்லை என்றால் மாற்றவும் அமைப்புகளுக்கு உரிமை கொடுங்கள்.

சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையை உடனே விலக்கிக்கொள்ளுங்கள். இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முகாம் நடத்துவதானால் யாரை அனுப்புவது என்பதை அமைப்பே முடிவுசெய்யட்டும், குறைந்தது இருவர் வரட்டும். பணியாளர்கள் அன்றாடம் பேசும் மொழியில் நடத்துங்கள். குழந்தையோடு வருபவர்களுக்கு இடமும் உதவியும் செய்யுங்கள், அல்லது வீட்டிலிருந்து வந்து போகும் தொலைவில் வையுங்கள். ஆண்டறிக்கை அனுப்பும் மாதத்தில் வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முறையும், ஓராண்டு கழித்து ஒரு முறையும் அலுவலகத்துக்கே வந்து எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்து, இரண்டையும் மறைக்காமல் வெளியிடுங்கள்.

நிர்வாகச் செலவை உண்மையான செலவின்படி கொடுங்கள். தணிக்கை செய்த கணக்கைக் காட்டத் தயாராக இருக்கிறோம். அது முடியாது என்றால் 15 விழுக்காட்டிலாவது தொடங்குங்கள். அமைப்பைப் பலப்படுத்தும் செலவுக்கு அதற்குள் கைவைக்காமல் பட்ஜெட்டில் தனித் தலைப்புக் கொடுங்கள். இடைநிலை அமைப்புகளுக்கு அனுமதிக்கும் விகிதம் எதுவோ, அதே விகிதம் எங்களுக்கும் வேண்டும்.

கடைசியாக, இந்த முடிவை எந்த மதிப்பீட்டின் அடிப்படையில் எடுத்தீர்களோ அதை எல்லா அமைப்புகளுக்கும் அனுப்புங்கள். திறன் வளர்ப்பு நிதியை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் குழுவில், பத்துப் பேருக்கும் குறைவான பணியாளர்கள் உள்ள அமைப்புகளிலிருந்து இருவருக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள்.

உங்கள் அடுத்த அறங்காவலர் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் பதில் வேண்டும், எங்கள் நிர்வாகக் குழு அதைக் கேட்கச் சொல்லித் தீர்மானமே போட்டிருக்கிறது. அதற்கு முன் உங்களில் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். வவுச்சர் கோப்பு, கூட்டக் குறிப்பேடு, பணவரவுப் பட்டியல், பாதியில் நின்ற பிள்ளைகளின் கணக்கு, எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிதியில் இயங்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர்